பச்சை பூசாத ஒரே போல்ட்

என் அத்தைக்குப் பிடிக்காத சொல் ‘துரு’. அந்தச் சொல்லை அவர் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை. கீலிலோ சங்கிலியிலோ துரு தென்பட்டால், “அது வந்திருக்கு” என்று மட்டும் சொல்வார்; சொல்லிவிட்டுப் பெயிண்ட் டின்னைத் தேடிப் போவார்.

அப்பாவின் ஒரே தங்கையான அவர், ஏரிக்கரையில் ஒரு படகுக் கொட்டகையை நடத்திவருகிறார். பொழுதுபோக்குக்காகப் படகு வைத்திருப்பவர்கள், மழைக்காலத்தில் நீர்மட்டம் உயர்வதற்கு முன்பே தங்கள் படகுகளை அவரிடம் ஒப்படைத்துவிடுவார்கள். படகுகள் தண்டவாளத்தின் மேல் ஓடும் ஒரு தள்ளுவண்டியில் ஏறி, சாய்தளத்தின் வழியே கொட்டகைக்குள் வந்து சேரும். அத்தை அவற்றைச் சுரண்டி, விரிசலை அடைத்து, அடிப்பாகத்துக்குப் பெயிண்ட் பூசி, நீர் வடிந்ததும் திருப்பித் தருவார். மாமா உயிரோடு இருந்தவரை இழுப்பது மாமாவின் வேலை, பூசுவது அத்தையின் வேலை என்று பங்கு பிரித்திருந்தார்கள். அந்தப் பங்கீட்டில் ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைத்ததாக எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

படகின் அடிப்பாகத்துக்குப் பூசும் பெயிண்ட் கெட்டியானது, கரும்பச்சை நிறம் கொண்டது. திறந்த டின்னை மூடி வைத்தால் உள்ளே தோல் கட்டிவிடும் என்பதால், மிஞ்சியதை அன்றைக்கே எதன்மீதாவது பூசித் தீர்ப்பது அத்தையின் வழக்கம். கொட்டகையின் கதவு, தண்ணீர்க் குழாய், மடக்கு நாற்காலி, தபால் பெட்டி எல்லாமே பச்சை. மாமா புல் வெட்டுவதற்காக வைத்திருந்த தோட்ட டிராக்டரும் பச்சை. ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய அந்தச் சின்ன வண்டிக்கு என்னைவிட வயது அதிகம். எந்தத் தொழிற்சாலையில் பிறந்தது என்று சொல்லும் தகடு எத்தனையோ பூச்சுகளுக்கு அடியில் புதைந்துபோயிற்று. வயர்களும் தப்பவில்லை. எது விளக்குக்குப் போகிறது, எது டைனமோவிலிருந்து வருகிறது என்று நிறத்தைப் பார்த்துச் சொல்ல எவராலும் முடியாது.

மாமா போன பிறகு, ஒவ்வொரு பருவத்திலும் படகுகளைத் தள்ளி ஏற்ற ஆட்களைத் திரட்டிக்கொண்டு போனவர் அப்பா. போன ஆண்டு, எல்லாவற்றிலும் கனமான படகை ஏற்றும்போது ஒருவர் கால் வழுக்கிவிட்டது. மற்றவர்கள் பிடியை விட்டார்கள். படகு வந்த வழியே தண்ணீருக்குத் திரும்பிப் போயிற்று. யாருக்கும் அடிபடவில்லை, ஆனால் அடுத்த தடவை அப்பா கூப்பிட்டபோது, ஆளாளுக்கு இடுப்பு வலியும் கல்யாண வீடும் வந்துவிட்டன.

இந்த ஆண்டு ஒரு மதியச் சாப்பாட்டின்போது அப்பா பேச்சை எடுத்தார்.

“மாடி ரூம் சும்மாதான் கெடக்கு. ஜன்னலைத் தொறந்தா காத்து ஆளையே அள்ளிக்கிட்டுப் போகும். கொட்டகையை யாருக்காவது விட்டுட்டு வந்து நிம்மதியா இரும்மா.”

“காத்து அள்ளிக்கிட்டுப் போறதுக்கு நான் என்ன காயப்போட்ட துணியாண்ணா?”

“வருஷா வருஷம் ஊர்ல இருக்கறவன் கால்ல எல்லாம் விழுந்து கூட்டிட்டு வர்றது யாரு? நான்தானே?”

அத்தை தட்டிலிருந்து நிமிர்ந்தார். “இந்த வருஷம் யார் கால்லயும் விழ வேண்டாம். ஒரு ஆள் கை வைக்காம, டாக்டர் படகை நானே மேல ஏத்திக் காட்டறேன். முடியலைன்னா சாவியை உன் கையில குடுத்துட்டு, அன்னிக்கே பெட்டியோட மாடி ஏறிடறேன். போதுமா?”

அப்பா என் பக்கம் திரும்பி, “எழுதிக்கம்மா,” என்றார். குடும்பத்தின் பிறப்பு, இறப்பு, வழக்கு, வாக்கு எல்லாவற்றையும் குறித்து வைக்கும் பொறுப்பு பல ஆண்டுகளாக என்னிடம் இருக்கிறது. எழுதிக்கொண்டேன். அத்தை வாயை விட்டு மாட்டிக்கொண்டார் என்றே அப்போது நினைத்தேன்.

டாக்டர் என்றது ஒரு பல் மருத்துவரை. போன ஆண்டு தண்ணீருக்குத் திரும்பிப் போன அந்தக் கனமான படகு அவருடையதுதான்.

அத்தை பழைய இரும்புக் கடைக்குப் போய், உடைத்துப் பிரித்த ஜீப் ஒன்றின் மின்சார வின்சை வாங்கி வந்தார். இரும்புக் கயிறு சுற்றிய உருளையும், அதைச் சுழற்றும் மோட்டாரும், நீண்ட வயரின் நுனியில் கையடக்கமான ஒரு ஸ்விட்சும் கொண்ட சாதனம் அது. அதை டிராக்டரின் இரும்பு முன்பலகையில் பொருத்தி, டிராக்டரின் பேட்டரியிலிருந்தே மின்சாரம் எடுப்பது திட்டம். கொட்டகையில் இருக்கும் மின் இணைப்பை நீர் உயரும் பருவத்தில் பாதுகாப்புக்காகத் துண்டித்துவிடுவார்கள். ஆகவே டிராக்டரை விட்டால் வேறு கதி இல்லை. பொருத்துவதற்கு முன் அத்தை அந்த வின்சுக்கு இரண்டு பூச்சுப் பச்சை அடித்தார் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அப்போது அது எங்களுக்குச் சொல்லத் தகுந்த செய்தியாகவே படவில்லை.

முதல் சோதனையில் அத்தை ஸ்விட்சை அழுத்தினார். வின்ச் ‘டக்’ என்றது. மீண்டும் அழுத்தினார். மீண்டும் ‘டக்’. உருளை அசையவில்லை.

கடைத்தெருவில் பேட்டரிக் கடை வைத்திருப்பவரை அழைத்து வந்தோம். அத்தையை அக்கா என்று கூப்பிடும் அளவுக்குப் பழக்கமானவர். டிராக்டரை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, பெருமூச்சு விட்டார்.

“இதுல எதுக்கா வயர், எது செடி?”

“கிண்டல் அப்புறம் பண்ணலாம். ஏன் சுத்தலைன்னு பாரு.”

“பேட்டரி சின்னதுக்கா. வின்ச் குடிக்கறது குடம் கணக்குல. உங்க டைனமோ ஊத்தறது ஸ்பூன் கணக்குல. நடுவுல இருக்கற பேட்டரி பெருசா இருந்தாத்தான் தாங்கும்.”

பெரிய பேட்டரி வந்தது. பழைய பெட்டிக்குள் அது நுழையாததால், இருக்கைக்குப் பின்னால் ஒரு பலகை அடித்து அதன்மேல் கட்டினார்கள். அத்தை ஸ்விட்சை அழுத்தினார். இந்தத் தடவை உருளை கொஞ்சம் நகர்ந்து, தூக்கத்தில் எழுப்பப்பட்டவன் போல முனகிவிட்டு நின்றது. வெறும் தள்ளுவண்டியைக்கூட அதனால் இழுக்க முடியவில்லை.

“எஞ்சின் ஒரே சாவியில ஸ்டார்ட் ஆகுதே, அப்ப பேட்டரி நல்லாத்தான் இருக்கு,” என்றார் கடைக்காரர். “வின்ச்தான் போச்சு. உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க.”

அத்தை வின்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு இரும்புக் கடைக்குப் போய்ச் சண்டை போட்டார். இரும்புக் கடைக்காரர் அங்கேயே ஒரு லாரி பேட்டரியில் அதை மாட்டி ஓட்டிக் காட்டினார். வின்ச் பம்பரமாகச் சுற்றிற்று. அத்தைக்கு முகத்தில் ஈயாடவில்லை. “உங்க வண்டிக்குத்தான்மா வயசாயிடுச்சு,” என்று அந்தக் கடைக்காரர் சொன்னதை, வீடு திரும்பும் வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பொருமினார். பிறகு டைனமோவைக் கழற்றிப் பார்த்தார்கள், பழுதில்லை. பெல்ட்டை மாற்றினார்கள், பயனில்லை. ஸ்விட்சை மாற்றினார்கள். பழைய ஸ்விட்சாவது ‘டக்’ என்றது. புதியது அதையும் சில சமயம் சொல்லவில்லை.

ஏரி இதற்குள் சாய்தளத்தின் கீழ்ப்பகுதியை விழுங்கத் தொடங்கியிருந்தது. பல் மருத்துவர் தினமும் தொலைபேசியில் விசாரித்தார். அப்பா எங்கள் மாடி அறையில் ஒட்டடை அடித்து, கட்டிலுக்குப் புதிய மெத்தை போட்டு, அந்தச் செய்தியை வேண்டுமென்றே அத்தைக்குச் சொல்லி அனுப்பினார்.

“மெத்தை எந்தப் பக்கம் தலை வெச்சுப் போட்டிருக்காராம்?” என்று என்னிடம் கேட்டார் அத்தை. குரலில் கிண்டல் இருந்தது, முகத்தில் இல்லை. அன்று அவர் மதியம் சாப்பிடவில்லை.

மறுநாள் எல்லாவற்றையும் முதலிலிருந்து மாட்டினோம். அத்தை ஸ்விட்சைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி விடாமல் அழுத்தினார். வின்ச் முனகிக்கொண்டே இருந்தது.

“விடுங்கக்கா, மோட்டார் எரிஞ்சிடும்,” என்று கடைக்காரர் கத்தினார்.

அத்தை விட்டுவிட்டார். விட்டவர், தலையைத் தூக்கிக் காற்றை முகர்ந்தார். “யாரோ பெயிண்ட் உரிக்கறாங்க.”

பழைய பெயிண்டை நெருப்புக் காட்டி உரிப்பது கொட்டகையில் வழக்கமான வேலை. ஆனால் அன்று அங்கே எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. அத்தை குனிந்து, டிராக்டரின் பின்னாலிருந்து முன்னால்வரை மோப்பம் பிடித்துக்கொண்டே வந்தார். வின்சின் எர்த் வயரை முன்பலகையோடு சேர்த்து முடுக்கியிருந்த போல்ட்டின் அருகே நின்றார். அந்த இடத்தில் மட்டும் பச்சைப் பெயிண்ட் கொப்புளம் விட்டுப் புகைந்துகொண்டிருந்தது. தொட்டுப் பார்த்தவர் விரலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

கடைக்காரர் ஸ்க்ரூடிரைவரால் அந்த இடத்தைச் சுரண்டினார். பச்சைக்கு அடியில் பச்சை. அதற்கு அடியில் இன்னொரு பச்சை. இரும்பு கண்ணில் படுவதற்குள் அவருக்கு வியர்த்துவிட்டது. சுரண்டி முடித்ததும் அவர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“அக்கா, பேட்டரியில இருந்து வர்ற கரண்ட் திரும்பிப் போகவும் ஒரு வழி வேணும். அந்த வழி இந்த வண்டியோட இரும்புதான். நீங்க வழி பூராவும் பெயிண்ட் அடிச்சு அடைச்சு வெச்சிருக்கீங்க. கரண்ட் நூலிழை சந்துல புகுந்து புகுந்து போகுது. அதான் சுடுது.”

“அப்ப எஞ்சின் மட்டும் எப்படி ஸ்டார்ட் ஆச்சு?”

“பேட்டரியோட எர்த் வயர் நேரா எஞ்சினுக்குப் போகுது. அந்த போல்ட் அடியில ஒளிஞ்சிருக்கு, உங்க பிரஷ் எட்டல. எட்டியிருந்தா அதுவும் படுத்திருக்கும்.”

அத்தை உதிர்ந்த பெயிண்ட் செதில் ஒன்றைப் பொறுக்கி, அதன் அடுக்குகளை எண்ணிப் பார்த்தார். வின்சைத் திட்டியாயிற்று, இரும்புக் கடையில் சண்டை போட்டாயிற்று, பேட்டரி, டைனமோ, பெல்ட், ஸ்விட்ச் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாயிற்று. கெட்டுப்போகாமல் இருக்க வேண்டும் என்று ஆண்டுதோறும் பார்த்துப் பார்த்துப் பூசியதுதான் குறுக்கே நின்றிருக்கிறது. அவருக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. ஆகவே என்மேல் கோபப்பட்டார்.

“நீயும்தானே வருஷா வருஷம் பக்கத்துல நின்னு பார்த்தே? ஒரு வார்த்தை சொன்னியா?”

“எனக்கு எப்படித் தெரியும் அத்தை?”

“எல்லாத்தையும் எழுதி வெக்கறியே, எதுக்கு?”

நான் உப்புத்தாளைத் தேடி எடுத்துக் கடைக்காரரிடம் நீட்டினேன்.

கடைக்காரர் அந்த போல்ட்டை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, அங்கிருந்து விரல் பருமனுள்ள ஒரு வயரை நேராக பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கே கொண்டுபோய் முடுக்கினார். “இந்த போல்ட்டுல மட்டும் பிரஷ் படக் கூடாதுக்கா.”

“அது வந்துடுமே?”

“கிரீஸ் தடவுங்க. பெயிண்ட் மட்டும் வேண்டாம்.”

ஸ்விட்சை அழுத்தியதும் வின்ச் உறுமிக்கொண்டு சுற்றிற்று. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. தண்ணீரில் காத்திருந்த படகோடு இரும்புக் கயிற்றை மாட்டி இழுத்தபோது படகு அசையவில்லை. எடை குறைந்த டிராக்டர்தான் சறுக்கிக்கொண்டு ஏரியை நோக்கிப் புறப்பட்டது. அத்தை ஸ்விட்சை விட்டுவிட்டு இருக்கையைப் பிடித்துத் தொங்க வேண்டியதாயிற்று. டிராக்டரைக் கொட்டகைத் தூணோடு சங்கிலியால் கட்டினோம். படகு நகர்ந்தது, சாய்தளத்தில் மூக்கை வைத்ததும் பேட்டரி ஓய்ந்துபோயிற்று. டைனமோ அதை நிரப்பி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. அத்தை படகைத் தண்ணீருக்கே திரும்ப விட்டுவிட்டு, கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கடைசி நாள் வந்தது. அதற்கு மேல் தாமதித்தால் தண்டவாளமே நீருக்குள் போய்விடும். பல் மருத்துவர் குடையோடு வந்தார். அப்பா காரில் வந்தார். பேட்டரிக் கடைக்காரர் கடையை அடைத்துவிட்டு வந்தார். அத்தை பரணிலிருந்து மாமாவின் பழைய கப்பி ஒன்றை இறக்கி, அதைத் தள்ளுவண்டியில் மாட்டி, இரும்புக் கயிற்றை அதன் வழியே திருப்பி மறுபடியும் தூணுக்கே கொண்டுபோய்க் கட்டியிருந்தார். இப்படிச் செய்தால் வின்சின் பாரம் பாதியாகும், படகு ஏறும் வேகமும் பாதியாகும்.

“யாரும் எதையும் தொடக் கூடாது,” என்றார். “மருமகளே, உன்னையும்தான் சொல்றேன்.”

ஆகவே எல்லா வேலையையும் அவர் ஒருவரே செய்தார். கொட்டகை வாசலில் நின்று ஸ்விட்சை அழுத்துவார். படகு விரல் விரலாக ஏறும். வின்சின் சத்தம் இறங்கத் தொடங்கியதும் ஸ்விட்சை விட்டுவிட்டு, சாய்தளத்தில் ஓடி இறங்கி, தள்ளுவண்டியின் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பார். பிறகு ஏறி வந்து, எஞ்சினை ஓடவிட்டு, பேட்டரி தேறும்வரை பச்சை நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பிறகு மறுபடியும் ஸ்விட்ச், மறுபடியும் ஓட்டம், மறுபடியும் கட்டை. பார்த்துக்கொண்டிருப்பதைவிடத் தள்ளுவது எளிது என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றியிருக்க வேண்டும். யாரும் ஓரிடத்தில் நிற்கவில்லை.

“கடைவாய்ப் பல்லே இதைவிடச் சீக்கிரம் வந்துடும்மா,” என்றார் பல் மருத்துவர்.

“பல்லுக்குக் கட்டை குடுக்க வேண்டாமே டாக்டர்.”

படகின் முக்கால் பகுதி மேலேறிய நிலையில் வின்ச் ‘டக்’ என்றது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. பின்பகுதி இன்னும் தண்ணீரில் கிடந்தது. தூறலும் தொடங்கிற்று. அத்தை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். எஞ்சின் ஒரே தாளத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா பொறுத்துப் பார்த்தார். வேலை ஒன்று பாதியில் நிற்பதை அவரால் என்றுமே சகிக்க முடியாது. “நாங்க மூணு பேர் ஒரு தம் குடுத்தா முடிஞ்சுடும்.”

“முடிஞ்சுடும். அதான் வேண்டாம்.”

அப்பா இரண்டு தடவை நடந்து திரும்பினார். பிறகு காரைக் கொட்டகை வாசல்வரை கொண்டுவந்து நிறுத்தி, முன்மூடியைத் திறந்து, பின்பெட்டியிலிருந்து பேட்டரிக்குப் பேட்டரி மாட்டும் வயர்களை எடுத்துக்கொண்டு வந்து நின்றார். “கை வைக்கக் கூடாதுன்னுதானே பேச்சு? இது கை இல்லையே. மாட்டிக்கோ.”

அத்தை அந்த வயர்களைப் பார்த்தார். அப்பாவின் முகத்தைப் பார்த்தார். “நான் தோத்தா மாடிக்கு வரணும்னு மெத்தை போட்டது யாரு?”

“நான்தான். அதுக்கென்ன இப்போ? மழை வலுக்குது. எனக்குப் பசிக்குது.”

“பசிச்சா போய்ச் சாப்பிட்டு வா. கரண்ட்டும் கடன் வாங்கி ஏத்தினேன்னு நாளைக்கு நீயே சொல்லிக் காட்டுவே.”

“சொல்ல மாட்டேன்.”

“நீ சொல்ல மாட்டே. இவ எழுதி வெச்சிடுவா.”

அப்பா என்னை முறைத்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவர் சாப்பிடப் போகவில்லை. வயர்களைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அத்தைக்குப் பக்கத்திலேயே மழையில் நின்றார். தண்ணீர் தள்ளுவண்டியின் பின்சக்கரத்தைத் தொட்டது. அத்தை எழுந்திருக்கவில்லை. சக்கரத்தை மூடியது. அப்போதும் எழுந்திருக்கவில்லை. பேட்டரிக் கடைக்காரர் பேட்டரியில் வோல்ட் மானியை வைத்துப் பார்த்து, “இன்னும் கொஞ்சம்,” என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசியாக அவர் தலையசைத்ததும் அத்தை ஸ்விட்சை எடுத்தார். வின்ச் முனகிற்று, பிறகு பிடித்துக்கொண்டது. படகின் பின்பகுதி தண்ணீரை விட்டு வெளியே வந்தது. அடிப்பாகத்திலிருந்து நீர் ஒழுக ஒழுகத் தள்ளுவண்டி மேட்டைத் தாண்டி, சமதளத்தில் கடகடத்து நின்றது. யாரும் கை தட்டவில்லை. எல்லோருக்கும் அலுத்துப்போயிருந்தது.

அத்தை கட்டையைக் கொடுத்துவிட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டார். “சாவி என்கிட்டேயே இருக்கட்டும்,” என்றார்.

“இருக்கட்டும்,” என்றார் அப்பா. “மாடி ரூமை என்ன பண்றது? மெத்தை வேற வாங்கிட்டேன்.”

“மெத்தையை நீ வெச்சுக்கோ. என் பெயிண்ட் டின்னுங்களுக்குத்தான் இங்க இடம் பத்தல.”

இப்போது எங்கள் மாடி அறையில் அவருடைய டின்கள் அடுக்கப்பட்டிருக்கின்றன. காற்று அவற்றை அள்ளிக்கொண்டு போகவில்லை. அப்பா அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முணுமுணுக்கிறார்.

டிராக்டருக்கு இந்த ஆண்டும் பச்சை ஏறியாயிற்று. நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். முன்பலகை வந்ததும் அத்தை பிரஷை இடது கைக்கு மாற்றிக்கொண்டார். வலது கையை அவரால் நம்ப முடியவில்லை போலும். அந்த போல்ட்டைச் சுற்றிக் கவனமாகப் பூசிவிட்டு, நிமிர்ந்து, கிரீஸ் தடவிய அந்தத் தலையை எரிச்சலோடு பார்த்தார்.

“அது வந்திருக்கு பாரு,” என்றார். பூசவில்லை.